வைபை வரவில்லையா? லேப்டாப்பை அழிக்காதீர்கள்!

கல்லூரிக்கு விண்ணப்பம் போட இன்னும் 2 நாட்களே இருக்கின்றன. ஆனால் லேப்டாப்பில் வைபை வரவில்லை!

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அரியலூரில் இருந்து செந்துறை போகும் வழியில் ஒரு கிராமம். அம்மா முந்திரிக் கொல்லைக்கு வேலைக்குப் போகிறார். அண்ணன் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கிறான். தங்கை பிளஸ்-2 முடித்து இருக்கிறாள்.

லேப்டாப் அண்ணனுடையது. அவன் பிளஸ்-2 படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. அதில் "லினக்ஸ்" ஓடுகிறது. அண்ணன் தன் செல்போனில் "ஹாட்ஸ்பாட்" போட்டுக் கொடுக்கிறான். அதன் பெயரே லேப்டாப்பில் தெரியவில்லை.

"என்ன பாப்பா, இன்னும் வரலையா?" என்று அம்மா கேட்கிறார்.

"பேரையே காட்ட மாட்டேங்குதும்மா!" என்கிறாள் மகள். குரல் தழுதழுக்கிறது.

அண்ணன் கடைக்குப் போன் போட்டான். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடணும் தம்பி. உள்ளே இருக்கிறது போயிடும்" என்று பதில் வந்தது.

உள்ளே என்ன இருக்கிறது? தங்கையின் மதிப்பெண் சான்றிதழ்; சாதிச் சான்றிதழ்; இறந்துபோன அப்பாவின் படங்கள்!

அழிக்கத்தான் வேண்டுமா? வேண்டாம்! வைபை வராததற்குப் பெரும்பாலும் சின்னக் காரணம்தான் இருக்கும். வரிசையாகப் பார்த்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

லினக்ஸ் என்றால் என்ன?

கம்ப்யூட்டரை இயக்குவதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். "விண்டோஸ்" அப்படி ஒன்று. "லினக்ஸ்" இன்னொன்று.

லினக்சை உருவாக்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். பின்லாந்து நாட்டுக்காரர். 1991-ம் ஆண்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது இதைத் தொடங்கினார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று உலகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

நம் நாட்டிலும் ஒரு லினக்ஸ் உண்டு. அதன் பெயர் "பாஸ்". மத்திய அரசின் "சி-டாக்" நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. 2007-ம் ஆண்டில் வெளிவந்தது. தமிழிலும் இதில் எழுதலாம்.

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, அண்ணா பிறந்த நாளில், தொடங்கியது. அப்போது முதல்-அமைச்சராக இருந்தவர் ஜெயலலிதா. அந்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோசுடன் "பாஸ்" லினக்சும் இருந்தது. அவற்றில் சில பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்து வீடுகளில் இன்னும் பீரோவுக்குள் தூங்குகின்றன. தட்டி எழுப்பினால் வேலை செய்யும்!

வைபையும் ரேடியோதான்!

திருச்சி வானொலி நிலையத்தில் பாடுகிறார்கள். பெரம்பலூரில் நாம் கேட்கிறோம். நடுவில் கம்பி இல்லை. வைபையும் அதுபோலத்தான். செல்போன் பேசுகிறது, லேப்டாப் கேட்கிறது, பதிலும் சொல்கிறது.

ரேடியோ பாடாவிட்டால் என்ன செய்வோம்? சுவிட்ச் போட்டு இருக்கிறதா, முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்போம். எடுத்த எடுப்பில் ரேடியோவை உடைக்க மாட்டோம் அல்லவா? இதோ, வைபைக்கு உரிய 6 சோதனைகள்:-

1. குற்றம் யாருடையது?

அதே வைபையில் இன்னொரு செல்போனை இணைத்துப் பாருங்கள். அதிலும் வரவில்லையா? அப்படியானால் லேப்டாப் மீது குற்றம் இல்லை. வீட்டில் "ரவுட்டர்" பெட்டி இருந்தால் அதை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். செல்போன் ஹாட்ஸ்பாட் என்றால், அதில் "டேட்டா" மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. சுவிட்ச் அணைந்து இருக்கிறதா?

சில லேப்டாப்புகளின் ஓரத்தில் வைபைக்கு என்று சின்ன சுவிட்ச் இருக்கும். சிலவற்றில் மேல் வரிசைப் பொத்தான் ஒன்றில் கோபுரம் அல்லது விமானம் படம் இருக்கும். "எப்.என்." பொத்தானுடன் சேர்த்து அதை அழுத்த வேண்டும். குழந்தைகள் விளையாட்டாக அழுத்திவிட்டாலும் வைபை அணைந்துவிடும்!

லினக்சையே கேட்டும் பார்க்கலாம். கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய 3 பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால், பல லினக்ஸ்களில் "டெர்மினல்" என்ற பெட்டி திறக்கும். அதில் ஆர்.எப்.கே.ஐ.எல்.எல். என்ற 6 ஆங்கில எழுத்துகளையும் சின்ன எழுத்தில், புள்ளி இல்லாமல் சேர்த்து அடியுங்கள். ஓர் இடம் விட்டு "லிஸ்ட்" என்று ஆங்கிலத்தில் அடித்து, "என்டர்" தட்டுங்கள்.

"ஹார்டு பிளாக்டு" என்பதற்கு எதிரே "எஸ்" என்று வந்தால், சுவிட்ச் அணைந்து இருக்கிறது என்று பொருள். "சாப்ட் பிளாக்டு" என்பதற்கு எதிரே "எஸ்" என்று வந்தால், மென்பொருள் பூட்டி இருக்கிறது. "லிஸ்ட்" என்பதற்குப் பதிலாக "அன்பிளாக் வைபை" என்று ஆங்கிலத்தில் அடித்தால் அந்தப் பூட்டு திறந்துவிடும்.

3. பெயர் தெரியவில்லையா?

வைபை 2 பாதைகளில் முக்கியமாக ஓடுகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். அதாவது வினாடிக்கு 240 கோடி அலைகள்! மற்றது 5 கிகாஹெர்ட்ஸ். இது வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் வலு குறைந்துவிடும்.

பழைய லேப்டாப்புகள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கேட்காது. புதிய செல்போன்கள் சில அதில்தான் பேசும். அவர் பேசுவது இவர் காதில் விழாது. அதனால் பெயரே தெரியாது!

செல்போனில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குப் போங்கள். "பேண்ட்" என்ற இடத்தில் 2.4 என்று மாற்றுங்கள்.

நம் கதையில் வந்த அண்ணன் இதைத்தான் செய்தான். உடனே பெயர் தெரிந்தது. தங்கை துள்ளிக் குதித்தாள்!

4. சாவி சரியா?

பெயர் தெரிகிறது, ஆனால் இணையவில்லையா? கடவுச்சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து வேறு. சின்ன எழுத்து வேறு. பழைய சொல்லை லேப்டாப் நினைவில் வைத்துக்கொண்டு அடம்பிடிப்பதும் உண்டு. வைபை பட்டியலில் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, புதிதாகச் சேருங்கள்.

5. வைபை என்ற பேச்சே இல்லையா?

திரையில் வைபை அடையாளமே காணோமா? லேப்டாப்புக்குள் இருக்கும் வைபை சில்லை லினக்சுக்கு அடையாளம் தெரியவில்லை என்று நினைக்கலாம். சில சில்லுகளுக்கு "பர்ம்வேர்" என்ற சிறு கோப்பு தேவை. அதில் பல, தயாரித்த கம்பெனிகளுக்கே உரியவை. அதனால் சில லினக்ஸ்கள் அவற்றைச் சேர்க்காமல் இருந்தன. "பாஸ்" லினக்சுக்கு அடிப்படையான "டெபியன்" கூட, 2023-ல் வந்த 12-வது பதிப்பில்தான் நிறுவும்போதே அவை கிடைக்கும்படி செய்தது.

அந்தக் கோப்பை இணையத்தில் இருந்து எடுக்க வேண்டும். இணையமோ வரவில்லை! என்ன செய்வது?

சுலபமான வழி உண்டு. செல்போனை சார்ஜர் ஒயரால் லேப்டாப்புடன் இணையுங்கள். செல்போன் அமைப்பில் "யு.எஸ்.பி. டெதரிங்" என்பதைப் போடுங்கள். ஒயர் வழியாகவே இணையம் வந்துவிடும். வைபை சரியாகும்வரை அவசர வேலைகளையும் இதிலேயே முடிக்கலாம். (சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் ஒயர்கள் உண்டு. அவை இதற்கு உதவாது.)

6. இணைந்தும் பக்கம் திறக்கவில்லையா?

தங்கைக்கு இதுதான் நேர்ந்தது. வைபை இணைந்துவிட்டது. ஆனால் கல்லூரிப் பக்கத்தைத் திறந்தால், "பாதுகாப்பு இல்லை" என்று லேப்டாப் மறுத்தது.

திரை மூலையில் தேதியைப் பார்த்தாள். 2011-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி!

லேப்டாப்புக்குள் நாணயம் போல வட்டமான சிறு பேட்டரி ஒன்று இருக்கிறது. கடிகாரத்தை ஓட்டுவது அது. பல ஆண்டுகள் ஆனால் அது செத்துவிடும். தேதி பின்னால் போய்விடும். இணையப் பக்கங்களுக்கு, தேதி போட்ட பாதுகாப்புச் சான்று உண்டு. தேதி பொருந்தாவிட்டால் லேப்டாப் கதவைத் திறக்காது. தேதியைத் திருத்தினால் போதும்!

அதற்கும் திறக்காவிட்டால், டெர்மினலில் "பிங்" என்ற 4 ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு 8.8.8.8 என்று அடியுங்கள். வரிசையாகப் பதில் வந்தால் பாதை சரி, பக்கங்களின் முகவரியைத் தேடித் தரும் "டி.என்.எஸ்." வேலைதான் கெட்டு இருக்கிறது என்று கொள்ளலாம். வைபை அமைப்பில் டி.என்.எஸ். என்ற இடத்தில் அதே 8.8.8.8 எண்ணைப் போடுங்கள். (பிங்கை நிறுத்த: கண்ட்ரோல், சி.)

கடைக்குப் போவதானால்...

ஆறும் பார்த்தாகிவிட்டது, இன்னும் வரவில்லை என்றால் கடைக்குப் போகலாம். ஆனால் 2 காரியங்களை மறக்க வேண்டாம்.

முதலாவது, சான்றிதழ், படங்களை எல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, "புது லினக்சைப் பென் டிரைவில் ஓட்டிப் பாருங்கண்ணே!" என்று கேளுங்கள். லேப்டாப்பில் எதையும் அழிக்காமல், பென் டிரைவில் இருந்தே லினக்சை ஓட்டலாம். அதில் வைபை வந்தால் சில்லு நன்றாக இருக்கிறது, கோளாறு மென்பொருளில்தான். அதிலும் வராவிட்டால் சில்லைச் சோதிக்கச் சொல்லுங்கள். எப்படி ஆனாலும், அழிப்பது கடைசி வழி!

அந்த வீட்டில் என்ன நடந்தது? தேதியைத் திருத்தினாள். பக்கம் திறந்தது. அண்ணன் பக்கத்தில் இருந்து சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். இரவு 10 மணிக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு அம்மா கேட்டார்:-

"அப்பா படத்தைக் கொஞ்சம் காட்டு பாப்பா!"

படம் அப்படியே இருந்தது.