பெரிய முட்டைக்குப் புழுக்கம் அதிகம்

பல்லடம் பக்கம் போனால் நீள நீளமான கறிக்கோழிக் கொட்டகைகளைப் பார்க்கலாம். உள்ளே திரியும் குஞ்சுகள் தாய்க்கோழியை ஒருநாளும் பார்த்ததில்லை. எல்லாம் பொரிப்பகத்து எந்திரத்தில் பொரித்தவை.

கோழியை அடைக்கு வைத்தால் 21 நாளில் குஞ்சு வரும். எந்திரத்திலும் அதே 21 நாள்தான். அதில் அவசரப்படுத்த முடியாது. முதல் 18 நாள் ‘செட்டர்’ என்ற எந்திரம். தாய்க்கோழி அலகால் முட்டையை உருட்டிவிடுமே, அந்த வேலையை இங்கே தட்டுகள் செய்கின்றன. மணிக்கு ஒருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். கடைசி மூன்று நாள் ‘ஹேச்சர்’. அங்கே சாய்ப்பதெல்லாம் கிடையாது.

சூடு எவ்வளவு வேண்டும்? ஓட்டின் மேல் 37.8 டிகிரி செல்சியஸ். நமக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் காதில் வைத்துப் பார்ப்பாரே, அந்த மாதிரிக் கருவியை முட்டையின் இடுப்பில் வைத்து அளப்பார்கள். எந்திரத்திலேயே வெப்பமானி இருக்கிறதே, பிறகு இது எதற்கு?

அது காட்டுவது காற்றின் சூட்டை. முட்டையின் சூடு வேறு கணக்கு. முதல் வாரத்தில் கரு மிகச் சிறியது. காற்றிலிருந்து முட்டை சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒன்பது, பத்து நாள் கழிந்ததும் கதை மாறிவிடும். வளரும் கரு தானே சூட்டை உண்டாக்கி வெளியே தள்ளத் தொடங்கும். 18ஆம் நாள் நெருங்கும்போது ஹீட்டருக்கு அநேகமாக வேலையே இருக்காது. விசிறியும் குளிர்ந்த நீர் ஓடும் குழாயும்தான் பாடுபடும். அடைகாக்கும் எந்திரம் என்கிறோம், பாதி நாளுக்குமேல் அது குளிரூட்டும் எந்திரம்!

சரி, எல்லா முட்டைக்கும் ஒரே அளவில் குளிரூட்டினால் போதுமா? போதாது. புதிதாக முட்டையிடத் தொடங்கிய இளங்கோழியின் முட்டை 50 கிராம் அளவில் இருக்கும். அதே கோழிக்கு வயதானால் முட்டை 70 கிராமைத் தொடும். எடை 40 சதவீதம் கூடிவிட்டது. ஓட்டின் பரப்பு எவ்வளவு கூடும்? ஏறக்குறைய 25 சதவீதம்தான். உள்ளே இருப்பதோ பெரிய கரு, அது உண்டாக்கும் சூடும் அதிகம். சூடு வெளியேற ஓட்டை விட்டால் வேறு வழியில்லை. போதாக்குறைக்கு, பெரிய முட்டைகள் தட்டில் நெருக்கியடித்து உட்கார்வதால் இடையே காற்றுப் புகவும் இடம் குறைவு.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சின்ன முட்டையையும் ஒரு பெரிய முட்டையையும் அம்மாவிடம் கொடுத்து ஒன்றாக வேகவைக்கச் சொல்லுங்கள். தண்ணீரை வடித்துவிட்டுத் தட்டில் வைத்து, அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். பெரியது ஆற நேரமாகும். பிறகு இரண்டையும் சாப்பிட்டுவிடலாம்.

ஆகவே பெரிய முட்டை நிரம்பிய எந்திரத்தில், கடைசி நாட்களில் காற்றின் சூட்டைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். இறக்காவிட்டால் ஓட்டின் சூடு 39 டிகிரியைத் தாண்டிப்போகும். கரு முட்டையிலேயே செத்துப்போகலாம். பிழைத்து வரும் குஞ்சுக்கும் இதயம் சிறுத்திருக்கும். இன்னொரு சிக்கல் மஞ்சள் கருவில். பொரிப்பதற்கு முன் குஞ்சு மிச்ச மஞ்சள் கருவைத் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அதுதான் அதன் கட்டுச்சோறு. அதை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் தாங்கும். பொரித்த குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் அடுக்கி, தீவனம் கொடுக்காமல் தொலைதூரப் பண்ணைக்கு லாரியில் ஏற்ற முடிவது இதனால்தான். சூடு மிஞ்சினால் மஞ்சள் கரு முழுதாக உள்ளே போகாது, தொப்புளும் சரியாக மூடாது. கிருமி நுழைய அந்த வழி போதும்.

அதனால் பொரிப்பகத்தில் குஞ்சைக் கையில் எடுப்பவர் அதைப் புரட்டி வயிற்றைப் பார்ப்பார். தொப்புள் வழவழவென்று மூடியிருந்தால் பெட்டிக்குப் போகும். கறுப்புப் பொத்தான்போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், அடுத்து அந்த எந்திரத்தின் சூட்டுக் கணக்கைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.