எங்கிருந்தோ வந்த குரல்

தலைவர்களைச் சிறையில் அடைத்துவிடலாம். பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுப் போட்டுவிடலாம். ஆனால் காற்றுக்குப் பூட்டுச் செய்யும் கொல்லன் இன்னும் பிறக்கவில்லை. 1942-ஆம் ஆண்டில் பம்பாய் இளைஞர் சிலர் இதனை உலகறியச் செய்தார்கள். நினைத்த மாத்திரத்தில் எந்தச் செய்தியும் கைக்கு எட்டும் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு, அந்தக் கதையை நாம் அவசியம் சொல்லிவைக்க வேண்டும்.

அவ்வாண்டு ஆகஸ்டு 8-ஆம் தேதி பம்பாயில் கூடிய காங்கிரஸ், 'வெள்ளையனே வெளியேறு' என்று தீர்மானித்தது. மறுநாள் பொழுது புலருமுன் காந்தியடிகளும் மற்றத் தலைவர்களும் சிறைப்பட்டனர். பத்திரிகைகளின்மீது கட்டுப்பாடுகள் விழுந்தன. அகில இந்திய ரேடியோவோ சர்க்காரின் உடைமை. பொழுதுபோக்காக ஒலிபரப்புக் கருவி வைத்திருந்தவர்களின் லைசென்ஸுகளும் யுத்தம் தொடங்கியபோதே ரத்தாகியிருந்தன. ஓர் ஊரில் நடப்பதை அடுத்த ஊர் அறிய வழியில்லை.

இந்த நிலையில்தான் உஷா மேத்தா முன்வந்தார். அவருக்கு வயது 22. தந்தையார் ஆங்கில ஆட்சியில் நீதிபதியாயிருந்தவர். பாபுபாய் என்று அழைக்கப்பட்ட விட்டல்தாஸ் கக்கர் முதலிய தோழர்கள் உஷாவுடன் சேர்ந்தனர். சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் நானக் மோத்வானி கருவிகள் கிடைக்க உதவினார். டாக்டர் ராம் மனோகர் லோகியா துணை நின்றார். ஆகஸ்டு 27-ஆம் தேதி, 42.34 மீட்டரில், 'இந்தியாவில் எங்கிருந்தோ' காங்கிரஸ் ரேடியோ பேசுவதாக ஒரு குரல் அறிவித்தது.

சிற்றலைக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அது மேலே சென்று, வானத்தின் உயரத்திலுள்ள மின்னூட்டம் பெற்ற அடுக்கினால் திருப்பப்பட்டு, வெகுதூரத்தில் மீண்டும் தரையை அடையும். ஆதலால் சிறிய கருவியும் தொலைதூரம் பேசலாம். ஆனால் நண்பனுக்குக் கேட்பது பகைவனுக்கும் கேட்குமல்லவா? திசையறியும் கருவி கொண்டு இரண்டு இடங்களிலிருந்து ஒலி வரும் திக்கைக் கண்டால், இரு கோடுகளும் சந்திக்குமிடத்தில் வீடு அகப்பட்டுவிடும். எனவே சௌபாத்தி, லபர்னம் ரோடு, வாள்கேசுவரம், மகாலக்ஷ்மி என்று நிலையம் இடம் மாறிக்கொண்டேயிருந்தது. சட்டி பானைகளுடன் ஒருமுறை வீடு மாற்றுவதற்கே நாம் சலித்துக்கொள்கிறோம். இவர்களோ சிறைவாசத்துக்குக் காரணமாகக்கூடிய பெட்டியுடன் வீடு மாறினார்கள்!

'ஹிந்துஸ்தான் ஹமாரா'வுடன் தொடங்கி 'வந்தே மாதரத்'துடன் முடிந்த அந்த ஒலிபரப்பில், ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் செய்திகள் வந்தன. ஜாம்ஷெட்பூர் தொழிலாளரின் வேலைநிறுத்தம், சிமூரில் நேர்ந்த கொடுமைகள், சிட்டகாங்கில் விழுந்த குண்டுகள் என்று மறைக்கப்பட்ட பலவும் ஜனங்களின் செவிக்கு எட்டின.

நவம்பர் 12-ஆம் தேதி பாபுபாயின் அலுவலகத்தில் போலீஸ் சோதனை நடந்தது. நிலையத்துக்கு உதவிய தொழில்நுட்பக்காரர் ஒருவரே துப்புக் கொடுத்துவிட்டார். ஆபத்து வருவதை உஷா அறிந்துகொண்டார். அன்றைக்கு ஒலிபரப்பை நிறுத்திவிட்டு ஒதுங்கியிருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆயினும் குறித்த நேரத்தில் குரல் ஒலித்தாக வேண்டும் என்று அவர் உறுதி கொண்டார். கதவுகளை உடைத்துக்கொண்டு போலீஸார் உள்ளே வந்தபோது 'வந்தே மாதரம்' இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது. நிறுத்தும்படி அவர்கள் கட்டளையிட்டும் தாங்கள் இணங்கவில்லை என்று உஷா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பேசுவதையே பணியாகக் கொண்டிருந்தவர் பிறகு மௌனம் பூண்டார். பல மாத விசாரணையில் தோழர்களைக் காட்டிக் கொடுக்கும் ஒரு சொல்லும் அவரிடமிருந்து பெயரவில்லை. 1943-இல் தனி நீதிமன்றம் அவருக்கு 4 ஆண்டும், பாபுபாய்க்கு 5 ஆண்டும் சிறைத் தண்டனை விதித்தது. 1946-இல் எரவாடாச் சிறையிலிருந்து விடுதலையானபோது உஷாவின் உடல்நலம் குன்றியிருந்தது. பின்னர் அவர் காந்தியடிகளின் கருத்துக்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். பம்பாயில் அரசியல் பேராசிரியராக நெடுங்காலம் பணியாற்றினார். 1998-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 2000 ஆகஸ்டு 11-இல் காலமானார். வகுப்பறையில் நிற்கும் நமக்கு, அவரும் நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதில் தனிப் பெருமிதம் உண்டு.

மூன்று மாதங்கூட நிலைக்காத ஒரு நிலையத்தினால் சாம்ராஜ்யம் சரிந்துவிட்டதா என்று சிலர் கேட்கலாம். அதனால் மட்டும் சரியவில்லைதான். ஆனால் சர்க்கார் சொல்வதே செய்தி என்றிருந்த நாளில், வேறொரு செய்தியும் உண்டு என்பதை ஜனங்கள் தம் காதாலேயே கேட்டார்கள். இருட்டறையில் ஏற்றிய அகல் பொழுதை விடியச் செய்வதில்லை. ஆயினும் அறையில் இருப்போர் ஒருவர் முகத்தை ஒருவர் காண அது போதும்.