ஃபிளாப்பிக்குள் ஒரு புல்வெளி: கணினி கோல்ஃப் விந்தைகள் தெரியுமா?

நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி வந்து தங்கும் திருவனந்தபுரம் ஆரியசாலையில், சாலைக் கம்போளத்தின் நெரிசலுக்கு நடுவே, ஒரு சைக்கிளை நிறுத்துவதற்கே இடம் தேட வேண்டும். 18 குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானத்துக்கோ பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் நிலம் தேவை! அவ்வளவு பெரிய புல்வெளியை மரம், மேடு, மணல், குளம் எதையும் விட்டுவிடாமல் ஒரு மேசைமேல் கொண்டுவந்து வைத்தார்கள் சிலர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டி நகரத்தில் பிறந்த 'லிங்க்ஸ்' என்ற கணினி கோல்ஃப் வரிசை அப்படித்தான் உருவானது. அதையும் அதன் சொந்தபந்தங்களையும் பற்றிய விந்தைகள் ஒவ்வொன்றும் வியக்க வைக்கும். வாருங்கள்!

தண்ணீருக்கு நடுவே கோல்ஃப் ஆடியது தெரியுமா?

லிங்க்ஸுக்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் 'லீடர் போர்டு'. புரூஸ் கார்வரும் ரோஜர் கார்வரும் 1986-இல் கமடோர் 64 கணினிக்காக இதை எழுதினார்கள். அந்தக் கணினியின் மொத்த நினைவகம் 64 கிலோபைட்! காலையில் வாட்ஸ்ஆப்பில் வரும் ஒரு வணக்கப் படமே அதைவிடப் பெரியதாக இருக்கும். அதற்குள் மரங்களையும் மேடுகளையும் எப்படி அடக்குவது? மைதானத்தையே தீவுகளாக வெட்டிவிட்டார்கள்! சுற்றிலும் நீலத் தண்ணீர், நடுவில் பச்சைத் திட்டுகள், ஒரு திட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பந்தை அடிக்க வேண்டும். இடப் பற்றாக்குறையே ஆட்டத்தின் சவாலாக மாறிவிட்டது. மறு ஆண்டே 'வேர்ல்ட் கிளாஸ் லீடர் போர்டு' வந்தது. அதில் மரங்களும் மணற்பள்ளங்களும் முளைத்தன. ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானமும் அதில் இருந்தது!

'பீப்' மட்டுமே தெரிந்த கணினி பேசியது தெரியுமா?

அன்றைய ஐபிஎம் வகைக் கணினிகளில் இருந்த சிறிய ஸ்பீக்கருக்கு இரண்டே நிலைதான்: ஒன்று ஒலிக்கும், இல்லையென்றால் அடங்கும். 'பீப்' என்று கத்தவே அது செய்யப்பட்டது. புரூஸ் கார்வரின் ஆக்சஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் அதிலிருந்து மனிதக் குரலையே வரவழைத்தது! எப்படி? ஸ்பீக்கரை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை போட்டு அணைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை நுட்பமாகக் கூட்டிக் குறைத்தார்கள். ஸ்பீக்கரின் தகடு அவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இடைப்பட்ட நிலைகளில் நின்று அதிர்ந்தது. இரண்டே நிலை இருந்த இடத்தில் 64 படிகள் கிடைத்தன! பந்து அடிபடும் சத்தமும் வர்ணனையாளரின் பேச்சும் தெளிவாகக் கேட்டன. 'ரியல்சவுண்ட்' என்ற பெயரில் இதற்குக் காப்புரிமையும் வாங்கினார்கள். கூடுதலாக ஒரு பைசா செலவழித்து எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. பின்னாளில் வீடுதோறும் புகுந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டை 1989-இல்தான் சந்தைக்கே வந்தது!

லிங்க்ஸின் முதல் மைதானம் யாருடையது தெரியுமா?

1990. திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் உருவெடுத்த அதே ஆண்டில்தான் ஆக்சஸ் சாஃப்ட்வேரின் 'லிங்க்ஸ்: தி சேலஞ்ச் ஆஃப் கோல்ஃப்' வெளியானது. 256 நிறங்களில் நிஜப் புல்வெளியைப் போலவே விரிந்த திரையைப் பார்த்து உலகமே அசந்தது. அதில் இடம்பெற்றது கலிஃபோர்னியாவின் டோரி பைன்ஸ் மைதானம். அது கோடீசுவரர்களின் தனிக் கிளப் அல்ல, சான் டியேகோ நகர நிர்வாகத்துக்குச் சொந்தமான பொது மைதானம்! 2008 யுஎஸ் ஓப்பன் போட்டியில் டைகர் வுட்ஸ் எலும்பு முறிந்த காலோடு 91 குழிகள் ஆடி வென்றதும் இதே மண்ணில்தான். கூடவே புதுப்புது மைதானங்களைத் தனித்தனி ஃபிளாப்பி வட்டுகளாக விற்றார்கள். ஒரே ஆட்டத்துக்குள் மாதந்தோறும் ஓர் ஊருக்குப் போய்வரலாம்! இன்று கைப்பேசி விளையாட்டுகளில் சர்வசாதாரணமாக இருக்கும் கூடுதல் பகுதி வியாபாரத்தை அன்றே சிறப்பாகச் செய்துகாட்டியவர்கள் இவர்கள்.

மரம் மரமாக முளைத்த திரையைக் கண்டதுண்டா?

அந்தக் காலத்துக் கணினியால் ஒரு காட்சியைச் சட்டென்று வரைந்துவிட முடியாது. பந்தை அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் வானம், பிறகு மலை, பிறகு புல், கடைசியாக மரங்கள் ஒவ்வொன்றாக முளைக்கும்! ஒவ்வோர் அடிக்கும் பல வினாடிகள் பிடிக்கும். ஆடியவர்கள் சலித்துக்கொள்ளவில்லை. நிஜ கோல்ஃபிலும் அடுத்த பந்தை நோக்கி நிதானமாக நடந்துதானே போக வேண்டும்!

ஒரு விளையாட்டுக்காகக் கணினியையே மாற்றினார்கள் தெரியுமா?

1992-இல் வந்தது 'லிங்க்ஸ் 386 புரோ'. பெயரிலேயே நிபந்தனை இருக்கிறது. 386 பிராசசர் இல்லாத கணினியில் அது ஓடவே ஓடாது! சூப்பர் விஜிஏ திரையும் கட்டாயம். அந்தத் தரத்தை வலியுறுத்திக் கேட்ட முதல் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. மற்றவர்கள் பழைய கணினிகளுக்கு ஏற்றபடி ஆட்டத்தைச் சுருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், இவர்கள் துணிந்து நாளைய கணினிக்காக எழுதினார்கள். அந்தத் துணிச்சல்தான் லிங்க்ஸை மற்ற ஆட்டங்களிலிருந்து உயர்த்திக் காட்டியது!

மைக்ரோசாஃப்டே தேடி வந்தது தெரியுமா?

விண்டோஸில் கோல்ஃப் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் ஆசைப்பட்டபோது போய் நின்ற வாசல் ஆக்சஸ் சாஃப்ட்வேர்தான். 1992-இல் வந்த 'மைக்ரோசாஃப்ட் கோல்ஃப்' லிங்க்ஸின் அடித்தளத்தில் எழுந்தது. 1999-இல் அந்த நிறுவனத்தையே மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது! 2004-இல் அது டேக்-டூ நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2006-இல் கதவு மூடப்பட்டது. ஆனால் அதற்கு வெகு முன்பே விதை வெளியே பரவியிருந்தது. லிங்க்ஸில் உழைத்த வான்ஸ் குக் தனியே போய்த் தொடங்கிய ஹெட்கேட் நிறுவனம், மவுஸை முன்னும் பின்னும் அசைத்தே மட்டையை வீசும் முறையை 1997-இல் கொண்டுவந்தது!

ஆக்சஸ் சாஃப்ட்வேர் துப்பறியும் படமும் எடுத்தது தெரியுமா?

கோல்ஃப் செய்த அதே கூடத்திலிருந்துதான் 'டெக்ஸ் மர்ஃபி' என்ற துப்பறியும் கதை வரிசையும் வந்தது. கதாநாயகனாக நடித்தவர் யார்? நிறுவனத்தின் முன்னோடிகளில் ஒருவரான கிறிஸ் ஜோன்ஸ்! 1994-இல் வெளியான 'அண்டர் எ கில்லிங் மூன்' நான்கு குறுந்தகடுகளை நிறைத்தது. 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் வில்லன் டார்த் வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸும் அதில் பங்கேற்றார்!

புல்வெளியைப் பராமரித்தவரின் மகன் கிளப்பையே வாங்கியது தெரியுமா?

1996-இல் வந்த 'லிங்க்ஸ் எல்எஸ்' பதிப்பின் நாயகன் அர்னால்ட் பாமர். பென்சில்வேனியாவின் லாட்ரோப் கிளப்பில் புல்லைப் பராமரித்தும் ஆட்டம் கற்றுக்கொடுத்தும் பிழைத்தவர் அவருடைய தந்தை. மகன் உலகம் போற்றும் வீரராகி 1971-இல் அந்தக் கிளப்பையே விலைக்கு வாங்கினார்! அதே லாட்ரோப் மைதானமும் லிங்க்ஸுக்குள் வந்தது. அப்பா பராமரித்த புல்தரையில் உலகின் எந்த மூலையில் இருப்பவரும் ஆடலாம் என்றானது!

பந்தின் சூட்சுமத்தைச் சொன்ன பேராசிரியர் யார் தெரியுமா?

கணினிக்குள் பந்து நிஜமாகப் பறக்க வேண்டுமென்றால் இயற்பியல் வேண்டும். அதற்கு அடிக்கல் நாட்டியவர் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட். 1890-களிலேயே கோல்ஃப் பந்தைத் தீவிரமாக ஆராய்ந்தார். அடிபட்ட பந்து பின்னோக்கிச் சுழல்வதால் காற்று அதை மேலே தூக்கிப் பிடிக்கிறது, அதனால்தான் அவ்வளவு தூரம் போகிறது என்று நிறுவினார். அவருடைய மகன் ஃபிரெடி டெய்ட் 1896-லும் 1898-லும் பிரிட்டனின் அமெச்சூர் கோல்ஃப் சாம்பியன்! பந்தின்மேல் இருக்கும் நூற்றுக்கணக்கான சிறு குழிவுகள் காற்றின் இழுவையைக் குறைக்கின்றன. வழவழப்பான பந்து ஏறத்தாழ பாதித் தூரம்தான் போகும்! மட்டையும் பந்தும் தொட்டுக்கொள்ளும் நேரம் வினாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த இமைக்கும் நேரத்துக்குள் நடப்பதைத்தான் கணினி கோல்ஃப் ஒவ்வோர் அடியிலும் கணக்குப் போட்டுப் பார்க்கிறது!

நம் பக்கத்துப் புல்வெளிகளின் வயது தெரியுமா?

பிரிட்டனுக்கு வெளியே உலகிலேயே மிகப் பழைய கோல்ஃப் கிளப் எங்கே? கொல்கத்தாவில்! 1829-இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் அது. இலங்கையின் நுவரெலியா கிளப் 1889-இலும் கொடைக்கானல் கிளப் 1895-இலும் பிறந்தன. ராயல் கொழும்பு மைதானத்தின் ஊடாகக் களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது! திருவனந்தபுரத்துக்கும் கவடியாரில் 9 குழிகள் கொண்ட மைதானம் இருக்கிறது. கோல்ஃப் நமக்கு ஏறக்குறைய 200 ஆண்டுப் பழக்கம். ஆனால் மதிலுக்கு உள்ளே போய் மட்டையைத் தொட்டவர்கள் வெகு சிலரே. அந்த மதிலைத் தாண்டவைத்தது கணினி!

டைகரை முந்திய இந்திய வம்சாவளி வீரர் யார் தெரியுமா?

ஃபிஜி தீவின் லௌடோகாவில் பிறந்தவர் விஜய் சிங். விமானப் பழுது பார்க்கும் தொழில் செய்த தந்தையிடம் கோல்ஃப் கற்றார். போர்னியோ தீவில் பயிற்சியாளராக வேலை பார்த்தார். 2000-இல் மாஸ்டர்ஸ் பட்டம்! 2004 செப்டம்பரில் டைகர் வுட்ஸை முந்தி உலகின் முதல்நிலை வீரர்! அதே டைகரின் பெயர் தாங்கிய கணினி விளையாட்டு வரிசையிலும் நாம் தேர்ந்தெடுத்து ஆடக்கூடிய வீரராக விஜய் சிங் இடம்பெற்றார்.

தண்ணீர்மேல் நடந்த வீரரைத் தெரியுமா?

'டைகர் வுட்ஸ் பிஜிஏ டூர் 08' விளையாட்டில் ஒரு கோளாறு. குளத்தில் விழுந்த பந்தை, தண்ணீர்மேல் நின்றபடி டைகர் அடித்தார்! ஒரு ரசிகர் அதை யூடியூபில் போட்டார். தயாரிப்பு நிறுவனமான இஏ என்ன செய்தது? 2008-இல் நிஜ டைகர் வுட்ஸை வைத்தே ஒரு விளம்பரம் எடுத்தது. அதில் அவர் காலணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்மேல் நடந்து போய், அல்லி இலையில் கிடந்த பந்தை அடிக்கிறார். இது கோளாறே அல்ல, அவருடைய திறமை அப்படி என்று அறிவித்துவிட்டார்கள்!

ஒளித்துவைத்த அஞ்சலி தெரியுமா?

நின்டென்டோவின் 1984 'கோல்ஃப்' விளையாட்டுக்கு நிரல் எழுதிய இளைஞர் சடோரு இவாட்டா. சின்னஞ்சிறு நினைவகத்துக்குள் 18 குழிகளையும் அடக்கிக் காட்டினார். பிறகு அந்த நிறுவனத்துக்கே தலைவரானார்! 2015 ஜூலை 11 அன்று மறைந்தார். 2017-இல் வந்த நின்டென்டோவின் 'ஸ்விட்ச்' கருவிக்குள் அவருடைய பழைய கோல்ஃப் விளையாட்டு ரகசியமாக வைக்கப்பட்டிருந்ததை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். கருவியின் நாட்காட்டி ஜூலை 11 காட்ட வேண்டும், இவாட்டா வழக்கமாகச் செய்துவந்த கையசைவைச் செய்ய வேண்டும். உடனே ஆட்டம் திறக்கும்! பின்னர் வந்த ஒரு புதுப்பிப்பில் அது நீக்கப்பட்டது.

திரைக்குள் போன கோல்ஃப் திரும்பி வந்தது தெரியுமா?

2025 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டிஜிஎல் என்ற புதிய போட்டித் தொடர் தொடங்கியது. டைகர் வுட்ஸும் ரோரி மெக்கில்ராயும் அதன் பின்னணியில் இருக்கிறார்கள். உலகின் முன்னணி வீரர்கள் அரங்குக்குள் நின்று, 64 அடி அகலமும் 53 அடி உயரமும் கொண்ட திரையை நோக்கி நிஜப் பந்தை அடிக்கிறார்கள்! பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் கருவிகள் அளக்க, மீதிப் பயணத்தைக் கணினி காட்டுகிறது. 1986-இல் சிறுவர் பொழுதுபோக்கு என்று கருதப்பட்ட ஒன்று இன்று சாம்பியன்களின் களமாகிவிட்டது!

இன்னொரு பக்கம், லிங்க்ஸ் 2001-உடன் வந்த மைதானம் வரையும் கருவி ரசிகர்களின் கையில் கிடைத்ததும் புதுப்புது மைதானங்கள் பிறந்துகொண்டே இருந்தன. அந்தப் பழக்கம் இன்றும் நிற்கவில்லை. விமானத்திலிருந்து லேசரால் அளந்த நில விவரங்களைக் கொண்டு உண்மை மைதானங்களை மேடு பள்ளம் பிசகாமல் எழுப்புகிறார்கள் ஆர்வலர்கள்!

இந்தக் கதை நெடுகிலும் வந்தவர்களைப் பாருங்கள். நினைவகம் போதாதபோது தீவு கட்டினார்கள், ஸ்பீக்கருக்குப் பேச்சு வராதபோது பேசக் கற்றுக்கொடுத்தார்கள். கையில் இருந்த கணினி சிறியது என்று அவர்கள் ஒருநாளும் ஒதுங்கவில்லை. கணினி கற்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே அவர்களிடம் சொல்லுங்கள்: நிலம் வேண்டாம், மட்டை வேண்டாம், விடாமுயற்சி இருந்தால் போதும், அடுத்த மைதானத்தை நீங்களே கட்டலாம்!