பிள்ளை சாரணராகப் போகிறது: படிவத்தில் கையொப்பமிடும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை

தரம் 6 இல் சேர்ந்து சில வாரங்களில் பிள்ளை ஒரு படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவரும். பெயர், பிறந்த திகதி, விலாசம், பெற்றோரின் கையொப்பம். பாடசாலைச் சாரணர் குழுவில் சேர்வதற்கான படிவம் அது. வேறு இடங்களில் இது ஒரு நிமிட வேலை. வன்னியிலும் வடக்கு கிழக்கின் வேறு பல ஊர்களிலும் அப்படியில்லை. பெயர் பதிவு, சீருடை, அணிநடை, முகாம் என்ற சொற்கள் ஒரே பேச்சில் வந்தால் பேனை பிடித்த கை கொஞ்சம் நின்றுதான் போகும்.

இந்தத் தயக்கத்தை அறியாமை என்று சொல்வது தவறு. இன்று பதினொரு வயதுப் பிள்ளையின் தாய் தகப்பனாக இருப்பவர்களில் பலர் 2008 இல் பதின்ம வயதின் கடைசியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ இருந்தவர்கள். வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாய ஆட்சேர்ப்பு நடந்தபோது ஒளித்துத் திரிந்தவர்களும் பிடிபட்டவர்களும் அவர்களே. அதன் பிறகு முட்கம்பிக்குள் பெயர் பதிந்து பிரிக்கப்பட்டவர்களும் அவர்களே. யுத்தம் முடிந்த பின்னரும் வன்னியில் பல முன்பள்ளிகளைச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் நடத்தியதைப் பார்த்தவர்கள் 'இது வெறும் பிள்ளைகளின் விளையாட்டு' என்ற சொல்லை உடனே நம்பிவிட மாட்டார்கள். ஆகவே அந்தப் படிவத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை ஒழுங்காகப் பார்ப்போம்.

முதலில் கசப்பான பகுதி. சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் ஒரு பிரித்தானிய இராணுவ அதிகாரி. தென்னாபிரிக்காவில் 1899 இல் தொடங்கி 1900 வரை நீடித்த மவ்கிங் முற்றுகையில் பெயர் பெற்றவர். அந்த முற்றுகைக்குள் சிறுவர்களைக் கொண்ட ஒரு அணி செய்தி கொண்டுசெல்லப் பயன்படுத்தப்பட்டது. 'சாரணர்' என்ற தமிழ்ச் சொல்லுக்கும் ஒற்றர் என்ற பழைய பொருள் உண்டு. ஆங்கிலச் சொல்லும் படைக்கு முன்னே சென்று வேவு பார்ப்பவரையே குறித்தது. இதை மறைத்துவிட்டுச் சாரணியத்தைப் பற்றி எங்கள் மக்களிடம் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் 1907 ஓகஸ்டில் இங்கிலாந்தின் பிறவுண்சீ தீவில் அவர் நடத்திய முதல் பாசறையில் துப்பாக்கிப் பயிற்சி இருக்கவில்லை. ஏறக்குறைய இருபது சிறுவர்கள். வசதியான பாடசாலைகளில் படித்தவர்களும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரங்களில் தங்கினார்கள். சமைத்தார்கள், முடிச்சுப் போட்டார்கள், தடம் பார்த்து நடந்தார்கள், முதலுதவி பழகினார்கள். அடுத்த ஆண்டு வெளியான அவரது கைந்நூல் வழியாக அது உலகமெங்கும் பரவியது. இலங்கையில் 1912 இல் மாத்தளையில் தொடங்கியது. பெண்பிள்ளைகளுக்கான சாரணியம் 1917 இல் கண்டியில் தொடங்கியது. அது இன்றும் தனிச் சங்கமாகவே இயங்குகிறது. மகளின் பாடசாலையில் இருந்து வரும் படிவம் பெரும்பாலும் அந்தச் சங்கத்துடையதாக இருக்கும்.

பெற்றோர் அதிகம் குழம்புவது சாரணருக்கும் கடேற்றுக்கும் இடையில். இரண்டிலும் சீருடை உண்டு, இரண்டும் பாடசாலையில் நடக்கின்றன, விளையாட்டுப் போட்டியன்று இரண்டு அணிகளும் மைதானத்தில் நடந்து வருகின்றன. ஆனால் கடேற் என்று நாம் சொல்லும் மாணவர் படையணி பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருவது. சாரணர் சங்கம் அப்படியல்ல. அது பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் கூட்டிணைக்கப்பட்ட தன்னார்வச் சங்கம். உலக சாரணர் அமைப்பின் உறுப்பு. அதில் ஆயுதப் பயிற்சி இல்லை, சேர்வதும் விலகுவதும் பிள்ளையினதும் பெற்றோரினதும் விருப்பம். படிவத்தின் தலைப்பில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். கடேற்றில் சேர்ப்பதும் சேர்க்காததும் அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. ஒன்றை மற்றதென்று நினைத்துக் கையொப்பமிடக் கூடாது என்பதுதான் இங்கே விடயம்.

சரி, வாரத்தில் ஒருநாள் பாடசாலை விட்ட பிறகு என்னதான் செய்கிறார்கள்? ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் ஒரு அணி. அணித் தலைவர் அவர்களுக்குள்ளேயே ஒருவர். பெரும்பாலான விடயங்களை மூத்த பிள்ளைதான் இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். பொறுப்பாசிரியர் கொஞ்சம் தள்ளி நிற்பார். எங்கள் பாடசாலைகளில் ஆசிரியர் சொல்ல நாற்பது பிள்ளைகள் எழுதும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று விளங்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஏழு பேருக்கு அரிசி கணக்குப் பார்த்து, யார் விறகு, யார் தண்ணீர் என்று பிரித்து, சோறு குழைந்துவிட்டால் அதையும் எல்லோருமாகச் சாப்பிட்டு முடிக்கிறது.

ஏழு வயது முதல் பத்தரை வயது வரை குருளைச் சாரணர். அதன் பின் பதினெட்டு வரை சாரணர். பிறகு விரும்பினால் திரிசாரணர். சின்னங்களும் விருதுகளும் படிப்படியாக ஏறும். உச்சியில் இருப்பது ஜனாதிபதி சாரணர் விருது. அதற்கான வேலைகள் எல்லாம் பதினெட்டு வயதுக்கு முன் முடிந்திருக்க வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. சாதாரண தரப் பரீட்சை வருகிறது என்று தரம் 10 இல் பிள்ளையை நிறுத்திவிட்டு, பரீட்சை முடிந்ததும் 'இனி விருதை எடு' என்று அனுப்பினால் காலம் போதாது. வடக்கில் சாரணியத்தின் உண்மையான எதிரி யுத்தப் பயமல்ல, ரியூசன் என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அது முழுக்கப் பகிடி அல்ல.

இனிக் குடும்பத்தின் பங்கு. நல்ல குழுக்களில் பெற்றோர் குழு ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் ஒன்றை அமைக்கச் சொல்லிக் கேட்கலாம். பாசறைக்குச் சாமான் வாங்குவது, வாகனம் ஒழுங்கு செய்வது, கணக்குப் பார்ப்பது போன்றவை அதன் வேலைகள். இதை நான் வலியுறுத்துவது உதவிக்காக மட்டுமல்ல. பெற்றோர் உள்ளே நிற்கும் குழுவில் எது நடந்தாலும் ஊருக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. சாரணர் கைந்நூலில் உள்ள பல விடயங்கள் எங்கள் வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. தடிப்பு வேறான இரண்டு கயிறுகளை இணைக்கச் சாரணர் பழகும் முடிச்சும் வலை பின்னும் முடிச்சும் அமைப்பில் ஒன்றேதான். முல்லைத்தீவிலோ மன்னாரிலோ ஒரு கடற்றொழிலாளியான தகப்பன் அதை இருட்டிலும் போடுவார். வேலி அடைத்தவருக்குத் தடிகளைக் குறுக்கே வைத்துக் கட்டுவது புதிதல்ல. மூன்று கல் வைத்து, மழையில் நனைந்த விறகில் தீ மூட்டிச் சமைத்த அம்மம்மாவுக்குப் பாசறைச் சமையல் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அவர்கள் இவற்றை இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் வேறு வழியில்லாமல் செய்தார்கள். பிள்ளை அதையே சனிக்கிழமை பின்னேரம் சிரித்துக்கொண்டு செய்கிறது. வீட்டில் இதுவரை பேசப்படாத சில கதைகள் அப்படியான ஒரு பின்னேரத்தில் மெல்ல வெளியே வரக்கூடும். வராமலும் போகலாம். வற்புறுத்த வேண்டியதில்லை.

'முகாம்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று. எங்களுக்கு அது இராணுவ முகாம், அல்லது மெனிக் பாம். சாரணர்கள் பெரும்பாலும் 'பாசறை' என்கிறார்கள். அதுவும் பழந்தமிழில் படை தங்கும் இடம்தான், ஆனால் அந்தச் சொல்லில் எங்கள் காயம் இல்லை. சிறு பிள்ளைகளிடமும் முதிய உறவினரிடமும் பேசும்போது அந்தச் சொல்லையே பாவிப்பது நல்லது. முதல் தடவை இரவு தங்காமல் ஒருநாள் பாசறைக்கு மட்டும் அனுப்பலாம். பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டால் நித்திரை வராத தாய்மார் இருக்கிறார்கள். அதை ஆசிரியரிடம் வெளிப்படையாகச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தீப்பாசறை நடக்கும் இரவில் பெற்றோரையும் அழைக்கும் வழக்கம் பல குழுக்களில் உண்டு. அந்த அழைப்பைத் தவறவிட வேண்டாம்.

பாசறை எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். இது சும்மா கேட்கும் கேள்வி அல்ல. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. முகமாலை போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்காக அகற்றும் பணி நடந்தது. அப்படியிருந்தும் வன்னிக் காடுகளின் ஒவ்வொரு மூலையும் பாதுகாப்பானது என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. தடம் பார்த்து நடக்கும் பயிற்சி பாடசாலை வளவிலோ நன்கு பழகிய நிலத்திலோ நடக்க வேண்டும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பெரியவரிடம் சொல்லும் பழக்கம் பிள்ளைக்கு முடிச்சுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

யார் கூடப் போகிறார்கள் என்பதும் அதேயளவு முக்கியம். பொறுப்பாளர் சங்கத்தில் பதிவு பெற்றவரா, பயிற்சி எடுத்தவரா என்று கேட்கலாம். சாரணத் தலைவர்களுக்கான தருச்சின்னப் பயிற்சி 1919 முதல் உலகெங்கும் உள்ளது. கழுத்தில் தோல் நாடாவில் கோத்த இரண்டு சிறு மரத்துண்டுகளைக் கண்டால் அவர் அதை முடித்தவர். ஆனால் அந்தச் சின்னம் நல்ல மனிதர் என்பதற்குச் சான்றிதழ் ஆகாது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் மறைவில் தனித்திருக்கக் கூடாது, பெண்பிள்ளைகள் போகும் இடத்துக்குப் பெண் பொறுப்பாளர் ஒருவர் போக வேண்டும். இதைக் கேட்டால் கோபப்படும் பொறுப்பாளரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டாம். ஏதாவது நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது. படைத்தரப்பின் வளவில் தங்குவார்களா, அவர்கள் பயிற்சி கொடுப்பார்களா என்றும் கேட்கலாம். விருப்பமில்லையென்றால் அந்த ஒரு நிகழ்வுக்கு மட்டும் அனுப்பாமல் விடலாம்.

சின்னம் சூட்டும் நாளில் பிள்ளை தன் சமயத்துக்கும் நாட்டுக்கும் கடமை செய்வதாக, பிறருக்கு உதவுவதாக, சாரணர் சட்டத்துக்குக் கீழ்ப்படிவதாக வாக்குறுதி கொடுக்கும். 'நாடு' என்ற சொல் சில வீடுகளில் தொண்டையில் சிக்கும். பிள்ளையைத் தேடி வீதியோரக் கொட்டிலில் வருடக்கணக்காக இருக்கும் தாய்மாரின் உறவினருக்கு அது சிக்காமல் இருந்தால்தான் அதிசயம். இதற்கு என்னிடம் ஆயத்தமான பதில் இல்லை. பிள்ளை அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன் வீட்டில் அதைப் பற்றி ஒருமுறை பேசியிருக்க வேண்டும் என்று மட்டும் நினைக்கிறேன். அதே வாக்குறுதியில் பிறருக்கு உதவுவதும் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பேசலாம்.

செலவைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. சீருடை, கழுத்துப்பட்டி, சின்னங்கள், பாசறைக் கட்டணம் எல்லாம் கூலி வேலைக்குப் போகும் தாய்க்குப் பாரம். மேல் வகுப்புக்குப் போன பிள்ளைகளின் சீருடைகளை வாங்கி வைத்துக் கொடுக்கும் பாடசாலைகள் உண்டு. பழைய மாணவர் சங்கங்களிடமும் கேட்கலாம். பிள்ளை சீருடை இல்லாமலே சில மாதங்கள் கூட்டத்துக்குப் போகட்டும். பிடித்துக்கொண்டால் தைக்கலாம். தந்தை இல்லாத அல்லது காணாமல் ஆக்கப்பட்ட வீட்டில், படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கோட்டைப் பிள்ளை எல்லோர் முன்னும் வாசிக்க நேராதபடி, தாயோ அம்மம்மாவோ படிவத்தை நேரே ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது.

சாரணர் வேலை வாரத்தில் பிள்ளைகள் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் போய்ச் சிறு வேலை செய்து, கிடைக்கும் பணத்தைக் குழுவுக்குக் கொடுப்பார்கள். பிச்சை கேட்பதல்ல அது. சைக்கிள் துடைப்பது, முற்றம் கூட்டுவது, புத்தகம் அடுக்குவது போன்ற வேலைகள். சீருடையில் யாராவது படலையைத் தட்டினால் நெஞ்சு படபடத்த ஊர்கள் எங்களுடையவை. முதல் வருடம் தெரிந்த வீடுகளுக்கு மட்டும், இரண்டு மூன்று பேராக, ஒரு பெற்றோர் வீதியில் நிற்க அனுப்பினால் போதும். தட்டுகிற பிள்ளைக்கும் திறக்கிற ஆச்சிக்கும் பழகிவிடும்.

2016 பெப்ரவரியில் தேசிய ஜம்போறி யாழ்ப்பாணத்திலும் 2024 பெப்ரவரியில் திருகோணமலையிலும் நடந்தன. தெற்கிலிருந்து வந்த பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரங்களில் இருந்தார்கள். ஒரு வாரத்தில் நல்லிணக்கம் வந்துவிட்டது என்று எழுதுவதற்கு நாங்கள் அரச ஊடகம் அல்ல. ஆனால் அப்படியான இடத்துக்குப் போகும் பிள்ளை கொஞ்சம் சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரிந்திருந்தால் கூச்சமில்லாமல் பழகும். பொறுப்பாளர்கள் அதற்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்ய வேண்டும்.

உங்கள் பாடசாலையில் குழுவே இல்லையென்றால் அதிபரிடம் கேளுங்கள். பாடசாலைக்கு வெளியே இயங்கும் திறந்த குழுக்களும் உண்டு. மாவட்டச் சாரணர் சங்க ஆணையாளரிடம் விசாரித்தால் அருகில் எது இருக்கிறது என்று சொல்வார்கள். புதிதாக ஒன்று தொடங்குவதற்குப் பொறுப்பெடுக்கும் பெரியவர் தேவை. ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பயிற்சி எடுக்க ஆயத்தமான பெற்றோரும் வரலாம். பிள்ளைகள் எப்படியும் கிடைப்பார்கள், பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கக்கூடிய பெரியவர் கிடைப்பதுதான் அரிது.