இடம் மாறும் அடுக்களையும் தண்ணீர்க் குழாயும்

வீட்டை விஸ்தரித்துக் கட்ட உத்தேசித்து, பின்கட்டில் எழும்பும் புதிய அறைக்கு அடுக்களையை மாற்றுவதென்று தீர்மானித்த குடும்பங்களில், மேடைக்குக் கருங்கல்லா பளிங்கா என்பதைப் பற்றியும், ஜன்னல் எந்தத் திசையை நோக்க வேண்டும் என்பதைப் பற்றியும் வாரக்கணக்கில் விவாதம் நடக்கும். தண்ணீரைப் பற்றிய பேச்சு மட்டும், "பழைய குழாயை அப்படியே நீட்டிவிட்டால் போயிற்று" என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். பிற்பாடு வரும் சங்கடங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வாக்கியமே மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம்.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தன் பாரத்தாலேயே இறங்கிவரும் தண்ணீருக்கு, அது இறங்கும் உயரம் ஒன்றே மூலதனம். ஆயிரம் லிட்டர்த் தொட்டியை எடுத்துவிட்டு இரண்டாயிரம் லிட்டர்த் தொட்டியை வைத்தாலும், நீர்மட்டம் உயராதவரையில் வேகம் இம்மியும் கூடாது. 10 மீட்டர் உயரத்துக்கு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் என்பது கணக்கு. ஒற்றைத் தளமுள்ள வீட்டில் தொட்டியின் நீர்மட்டம் சமையலறைக் குழாய்க்கு மேலே சுமார் 3 மீட்டரில் நிற்குமாதலால், நம் கையிருப்பு 0.3 கிலோதான். இந்த அற்ப முதலைக் கொண்டுதான் குழாயின் நீளம், வளைவு, வால்வு ஆகிய எல்லாச் செலவுகளையும் சமாளிக்க வேண்டும்.

அந்தச் செலவின் இயல்பைச் சோதித்தறிந்தவர்களில் முதன்மையானவர், பிரான்ஸில் டிஜோன் நகரத்துக்கு ஊற்றுநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்ஸி. பலவிதக் குழாய்களில் நீரை ஓடவிட்டு அவர் நடத்திய சோதனைகள் 1857-ல் நூலாக வெளிவந்தன. குழாயின் உட்சுவர் சொரசொரப்பானால் ஓட்டம் தளரும் என்பது அவற்றால் திட்டமாயிற்று. துருப்பிடித்த பழைய ஜிஐ குழாயும், போர் தண்ணீரின் உப்பு படிந்து வாய் சுருங்கிய குழாயும் ஏன் சொட்டுகின்றன என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. ஆனால் எல்லாவற்றினும் முக்கியமானது விட்டம். நிமிஷத்துக்கு 12 லிட்டர் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் 25 மீட்டர் தூரம் அதைச் செலுத்துவதற்கே ஏறக்குறைய 3 மீட்டர் உயரம், அதாவது நம் முதல் முழுவதும், கரைந்துபோகும். அதே தூரத்துக்கு 25 மில்லிமீட்டர்க் குழாய் போட்டாலோ, செலவு கால் மீட்டர் உயரமே. அரை அங்குலம் என்று விற்கும் சிபிவிசி குழாயின் உள்வாய் அந்த 15 மில்லிமீட்டரைக் காட்டிலும் குறுகல் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே, குளியலறைக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் ஏற்கெனவே கிளை பிரிந்த பழைய அரை அங்குலக் குழாயின் வாலைப் பிடித்து நீட்டாமல், தொட்டியிலிருந்தே ஒரு அங்குலக் குழாயைத் தனி வால்வுடன் இறக்கி, அடுக்களைக்குள் நுழைந்தபிறகு முக்கால் அங்குலமாகவும், ஒவ்வொரு குழாய்க்கும் பிரியும் இடத்தில் மட்டும் அரை அங்குலமாகவும் குறைப்பதே சரி. தொட்டி கன்னி மூலையிலும் அடுக்களை அக்கினி மூலையிலும் இருக்க வேண்டுமென்று வாஸ்து விதித்திருப்பதால், நம் வீடுகளில் இடைத்தூரம் ஒருபோதும் குறைவாக இருப்பதில்லை. சாஸ்திரத்தோடு சண்டை வேண்டாம், குழாயைப் பெரிதாக்குவோம். எல்போ ஒவ்வொன்றும் தன் விட்டத்தைப்போல் முப்பது மடங்கு நீளமுள்ள நேர்க்குழாய்க்குச் சமமாகத் தடுக்குமாதலால், அவற்றையும் சிக்கனமாக உபயோகிக்க வேண்டும்.

வேறொரு விபத்தும் உண்டு. தொட்டியிலிருந்து இறங்கிய குழாய், உத்தரத்தையோ கதவு நிலையையோ தாண்டுவதற்காக மறுபடி மேலேறி இறங்குமானால், அந்த மேட்டில் காற்று அடைபட்டு நிற்கும். சொற்ப அழுத்தமுள்ள தண்ணீரால் அதைத் தள்ளிவிட முடியாது. குழாய் இடைவிடாது இறங்கும்படி பாதையை அமைப்பது உத்தமம். முடியாவிடில், அந்த மேட்டிலிருந்து தொட்டியின் நீர்மட்டத்துக்கும் மேலாக ஒரு காற்றுக்குழாய் எழுப்ப வேண்டும். இவற்றையெல்லாம் அலட்சியம் செய்துவிட்டுப் பிற்பாடு பம்பு வாங்கி மாட்டுவது, தீர்க்கக்கூடிய குறைக்கு மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்துவதாகும்.

கீசர் புதிய சிங்குக்குச் சமீபத்திலேயே இருக்கட்டும். 15 மில்லிமீட்டர்க் குழாயில் 10 மீட்டர் தூரம் வெந்நீர் வருமுன், ஒன்றே முக்கால் லிட்டர் ஆறிய தண்ணீர் வீணாகும். வெந்நீருக்குச் சாதாரண பிவிசி உதவாது. அது உஷ்ணத்தில் இளகும். பழைய அடுக்களைக்குப் போன கிளையை, அதன் நுனியில் மூடி போட்டு நிறுத்தாமல், பிரியும் இடத்திலேயே வெட்டி அடைக்க வேண்டும். இல்லையேல் அதில் தேங்கிக் கெடும் நீர் குடிநீரோடு கலக்க வழியுண்டு. கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு அவசியமாதலால், சிங்கின் ஸ்தானத்தை முதலில் அதைக்கொண்டே நிர்ணயிக்க வேண்டும்.

சுவரைக் கொத்திக் குழாய் பதித்தபின், பசை நன்றாக உலரவிட்டு, எல்லா வாய்களையும் அடைத்து, சோதனைப் பம்பினால் அழுத்தம் ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். குழாய் போகும் பாதையைத் தரைமட்டத்திலிருந்து அளந்து படம் எடுத்து வையுங்கள். இவ்விரண்டும் முடியும்வரை, கொத்தனார் எத்தனை அவசரப்படுத்தினாலும், பூச்சு வேலைக்குச் சம்மதிக்காதீர்கள்.