வீட்டில் ஒன்றும் இல்லையா? டப்பாவைத் திறந்து பாருங்கள்!



போன ஐப்பசி அடைமழையில் நமக்கு மூன்று நாள் லீவு விட்டார்கள் அல்லவா? எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நானும்தான். ஆனால் அந்த மூன்று நாளில் புத்தகத்தில் இல்லாத ஒரு பாடத்தை நான் படித்தேன். காய்கறி ஒன்றும் இல்லாத நாளில், வீட்டில் இருக்கிற பொருளை மட்டும் வைத்துக் குடும்பத்துக்கே வயிறாரச் சமைப்பது எப்படி என்பதுதான் அந்தப் பாடம்.

எங்கள் சித்திக்குப் பிரசவம். அம்மா துணைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அப்பா, அப்பத்தா, தம்பி, நான் என்று நாலு பேர். அப்பா கொத்தனார். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கையில் காசு இல்லை. வாரச் சந்தையும் மழையில் கூடவில்லை. காய்க்கூடையில் பத்துச் சின்ன வெங்காயமும் ஒரு பூண்டும்தான் கிடந்தன.

"வீட்டுல ஒண்ணுமே இல்லப்பா" என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா பதில் பேசவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும், ஏன்தான் அப்படிச் சொன்னோமோ என்று எனக்கு ஆகிவிட்டது.

முதல் நாள்: வேகாத பருப்பு

சரி, பருப்புக் குழம்பு வைத்துவிடலாம் என்று இறங்கினேன். சிலிண்டர் தீர்கிற நேரம். குக்கரில் வாஷர் போய்விட்டது. கேஸை மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணி துவரம் பருப்பு, புளித்தண்ணீர், உப்பு, குழம்புத் தூள் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றினேன். அரை மணி ஆச்சு, ஒரு மணி ஆச்சு. பருப்பு வேகவே இல்லை! தம்பி ஒரு வாய் வைத்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு" என்று வெறும் சோற்றில் உப்புப் போட்டுத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கயிற்றுக் கட்டிலில் இருந்து அப்பத்தா சொன்னது: "புளியையும் பருப்பையும் ஒண்ணாப் போட்டா விடிய விடிய எரிச்சாலும் வேகாதுத்தா. பருப்பு வெந்த பெறகுதான் புளி."

பள்ளி திறந்ததும் இதற்குக் காரணத்தை அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். பருப்பில் உள்ள செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பொருளாம். செங்கல்லை ஒட்டுகிற சிமெண்டுக் கலவை மாதிரி. கொதிக்கிற தண்ணீரில் இந்தப் பசை கரைந்தால்தான் பருப்பு குழையும். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. அமிலம் சேர்ந்தால் அந்தப் பசை லேசில் கரையாது. கொத்தனார் மகளுக்கு இது உடனே புரிந்துவிட்டது! சுண்ணாம்புச் சத்து அதிகம் உள்ள போர் தண்ணீரிலும் இதே போல பருப்பு வேக நேரமாகும். மழைத்தண்ணீரைப் பிடித்து வேகவைத்தால் சீக்கிரம் வெந்துவிடும்.

இரண்டாம் நாள்: டப்பாக் கணக்கு

மறுநாள் காலையில் அப்பத்தா, "இருக்குற டப்பாவையெல்லாம் எடுத்து எம் முன்னாடி வையி" என்றது. ஒவ்வொன்றாய்க் கொண்டுவந்து வைத்தேன். ரேஷன் அரிசி, துவரம் பருப்பு, புளி, சுண்டை வத்தல், அப்பளம், காய்ந்த மிளகாய், குழம்புத் தூள், கடுகு, வெந்தயம், சீரகம், மிளகு, பெருங்காயம், மஞ்சள் தூள், கல் உப்பு, நல்லெண்ணெய், கருப்பட்டி. எண்ணிப் பார்த்தால் 16 பொருள்! வெங்காயமும் பூண்டும் கொல்லையில் இருக்கிற கறிவேப்பிலையும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

"பதினாறும் இருக்கு. இதையா ஒண்ணும் இல்லைங்குறே?" என்று அப்பத்தா சிரித்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வத்தல் ஏன் கெடுவதில்லை?

பச்சைச் சுண்டைக்காய் சில நாளில் வாடிக் கெட்டுப்போகும். வத்தலோ ஒரு வருஷம் கூட இருக்கும். ஏன்? உணவைக் கெடுக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வாழத் தண்ணீர் வேண்டும். கோடையில் சுண்டைக்காயை லேசாகத் தட்டி உப்புப் போட்ட மோரில் ஊறவைப்பார்கள். பகலில் வெயிலில் காயவைத்து, சாயங்காலம் திரும்ப மோரில் போடுவார்கள். மோர் வற்றும் வரை இப்படியே செய்து, பிறகு கலகலவென்று காயவிடுவார்கள். உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. வெயில் அதை ஆவியாக்குகிறது. மோரின் புளிப்பும் கிருமிக்கு ஆகாது. தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி எப்படிப் பெருகும்?

அதனால்தான் வத்தல் டப்பாவில் ஈரக் கை வைக்கக் கூடாது. ஒரு தடவை நான் ஈரக் கையை விட்டு, டப்பா முழுக்கப் பூஞ்சை பூத்துவிட்டது. அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் மறக்கவில்லை!

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது நான் சின்னப் பிள்ளை. புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் மரங்களும் கரண்டுக் கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்களில் நாள் கணக்காகக் கரண்டே இல்லை. அப்போது எங்கள் வீட்டில் சோறு இறங்கியது இந்த வத்தல் டப்பாவால்தான் என்று அப்பத்தா சொல்லும்.

சமையல் (நாலு பேருக்கு)

அன்றைக்கு நான் செய்தது சோறு, பருப்புத் துவையல், சுண்டை வத்தக் குழம்பு, சுட்ட அப்பளம். கேஸ் குறைவாக இருந்ததால் எதை முதலில் செய்வது என்று அப்பத்தாவே வரிசை சொன்னது.

1. சோறு: அரிசி 3 டம்ளர் (ஏறக்குறைய அரைக் கிலோ). இரண்டு தண்ணீரில் மட்டும் கழுவினேன். ரொம்பக் கழுவினால் பி வைட்டமின் தண்ணீரோடு போய்விடும். அரை மணி நேரம் ஊறவைத்து உலையில் போட்டதால் சீக்கிரம் வெந்தது. வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டு அப்பத்தாவுக்குக் கொடுத்தேன். சோற்றுப் பானையைத் துணியால் சுற்றி வைத்தால் சாப்பிடும் வரை சூடு ஆறாது.

2. பருப்புத் துவையல்: துவரம் பருப்பு அரை டம்ளர். வெறும் சட்டியில் சிறு தீயில் வாசம் வந்து சிவக்கும் வரை வறுக்க வேண்டும். கூடவே காய்ந்த மிளகாய் 4, மிளகு 5, கொஞ்சம் சீரகம். ஆறியபின் பூண்டு 2 பல், கொட்டைப்பாக்கில் பாதி அளவு புளி, உப்பு சேர்த்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். கரண்ட் இல்லாததால் அம்மியில்தான் அரைத்தேன். கை வலித்தது, ஆனால் மிக்ஸியில் இந்த ருசி வராது!

3. வத்தக் குழம்பு: பெரிய எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்து 2 டம்ளர் கரைத்துக்கொள்ள வேண்டும். புளிக் குழம்புக்கு மண்சட்டிதான் நல்லது. அலுமினியப் பாத்திரத்தைப் புளியின் அமிலம் அரிக்கும். சட்டியில் 4 கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, இரண்டு பிடி சுண்டை வத்தலைக் கருகாமல் வறுத்துத் தனியே எடுத்துவிட வேண்டும். அதே எண்ணெயில் கடுகு, பிறகு வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை. வெங்காயமும் மீதிப் பூண்டும் போட்டு வதக்கி, தீயைக் குறைத்து குழம்புத் தூள் 2 கரண்டி, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை போட்டு ஒரு கிளறு. அப்புறம் புளிக்கரைசல். உப்பைக் குறைத்தே போடுங்கள், வத்தலிலேயே உப்பு இருக்கிறது. கொதித்துச் சுண்டி எண்ணெய் மேலே மிதந்து வரும்போது வத்தலையும் ஒரு சின்னத் துண்டு கருப்பட்டியையும் போட்டு இறக்கினால் குழம்பு ரெடி.

4. அப்பளம்: எண்ணெய் காலி. அதனால் இடுக்கியில் பிடித்துத் தீயில் திருப்பித் திருப்பிச் சுட்டேன்.

கடுகு ஏன் வெடிக்கிறது தெரியுமா? கடுகுக்குள் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. சூடான எண்ணெயில் அது நீராவியாகி வெளியே வர வழியில்லாமல் தோலைக் கிழித்துக்கொண்டு வருகிறது. எண்ணெய் காயாமல் போட்டால் கடுகு வெடிக்காது, கசக்கும். வெந்தயம் கருகினாலும் கசக்கும். ஆகவே கடுகு வெடித்த பிறகே வெந்தயம் போட வேண்டும்.

காய் இல்லாத சாப்பாட்டில் சத்து உண்டா?

உண்டு. 100 கிராம் துவரம் பருப்பில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்கிறது. அரிசியில் 7 கிராம் அளவுதான். நம் உடம்புக்கு வேண்டிய அமினோ அமிலங்களில் லைசின் அரிசியில் குறைவு, பருப்பில் அதிகம். மெத்தியோனின் பருப்பில் குறைவு, அரிசியில் பரவாயில்லை. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று சரிசெய்துவிடும். நம்ம ஊர்ச் சோறும் பருப்பும் நல்ல சிநேகிதர்கள் மாதிரி! ஆனால் தினமும் இப்படியே சாப்பிட்டால் போதாது. கீரையும் காயும் பழமும் வேண்டும். இது காய் கிடைக்காத நாளைக்கான சாப்பாடு.

அஞ்சறைப் பெட்டிக்குள் உலகம்

இன்னொரு சுவையான செய்தி. மிளகாய் நம் நாட்டுப் பயிரே இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து சுமார் 500 வருஷத்துக்கு முன்னால் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. அதற்கு முன் நம் முன்னோருக்கு மிளகுதான் காரம். பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். அது பெரும்பாலும் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வருகிறது. 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் விஞ்ஞானிகள் அந்தச் செடியை நட்டுப் பயிரிடத் தொடங்கினார்கள். ஒரு தாளிப்பில் எத்தனை நாடு பார்த்தீர்களா!

கடைசியாக

அன்று மத்தியானம் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். தம்பி துவையலை வழித்து வழித்துத் தின்றான். அப்பா இரண்டாம் முறை சோறு வாங்கினார். குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஒண்ணும் இல்லைன்னு சொன்னியேம்மா?" என்று கேட்டுச் சிரித்தார். மழை தொடங்கியதில் இருந்து அப்பா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அம்மா வந்துவிட்டார்கள். சித்திக்குப் பெண் குழந்தை! அம்மா வந்ததும் டப்பாவைத் திறந்து பார்த்து, "வத்தல் எங்கடி போச்சு?" என்று கேட்டார்கள். வருகிற சித்திரையில் நானே போட்டு டப்பாவை நிரப்பித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நண்பர்களே, தோழிகளே! இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டு டப்பாக்களை எண்ணிப் பாருங்கள். பெண் பிள்ளைகள் மட்டும் அல்ல, ஆண் பிள்ளைகளும்தான்! ஒரு வேளைச் சாப்பாடு செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அடுப்பைப் பற்ற வையுங்கள். வேலை முடிந்ததும் கேஸை மூட மறக்காதீர்கள். "ஒண்ணும் இல்லை" என்று சொல்வதற்கு முன் ஒரு முறை மூடியைத் திறந்து பாருங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி