உங்களுக்குத் தெரியுமா? எல்லையோரப் பள்ளிகளில் ஆர்டுயினோ

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காரோடு, பாறசாலை வட்டாரம் அடங்கிய கேரளத்தில் 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் தகவல் தொழில்நுட்ப மன்றங்கள் இயங்குகின்றன. 2022 டிசம்பரில் 2,000 பள்ளிகளுக்கென 9,000 ரோபாட்டிக்ஸ் பெட்டிகள் வழங்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆர்டுயினோ, அதாவது நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்தது அது. அதன் சுற்று வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிச் செய்யலாம்.

பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் சுற்று அமைக்க உதவும் துளைப் பலகையில்) செருகிய ஒளி உணரியை உள்ளங்கையால் மூடுங்கள்: மின்தடை ஏறும், ஆர்டுயினோவில் ஏற்றிய நிரல் அதைக் கண்டு எல்.இ.டி.யை எரியவிடும். தானியங்கித் தெருவிளக்கும் இப்படித்தான் எரிகிறது. பெட்டியைவிடப் பெரிய விஷயம், மன்றத்தில் கற்ற பிள்ளைகளே சக மாணவர்களுக்குச் சொல்லித்தருவது. வரைபடத்தை எல்லோருடனும் பகிரும் திறந்த வன்பொருள் சமூகம் வேரூன்றுவது அங்கேதான். எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளும் படிக்கும்படி, கேரளத்தின் கணினிப் பாடநூல் தமிழிலும் வெளிவருகிறது.